ராயப்பன் மகன்

சேசு மரி சூசை

திண்டிவனம்,
15-4-1985

அன்புள்ள கண்ணையனுக்கு,

பரீட்சை முடிந்து நீ விடுதியைக் காலி செய்து பஸ் ஏறியபிறகு இங்கே மைதானம் காலியாகத்தான் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் சுகம். கண்டமங்கலத்திலும் எல்லோரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

நீ கேட்காவிட்டாலும் என் நாள் போகிற விதத்தை எழுதுகிறேன். காலைப் பூசை முடிந்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகிறேன். நம் டீமில் ஓரத்தில் நிற்பானே தேவசகாயம், அவனும் சேர்ந்திருக்கிறான். பத்து விரலால் அடிக்கச் சொன்னால் இரண்டு விரலால் குத்துகிறான். பின்னாலிருந்து சார் ஸ்கேலோடு வந்தால் மட்டும் பத்து விரலும் வேலை செய்கிறது. மதியம் புல்புல்தாராக் கம்பியை மீட்டிப் பழகுகிறேன். மே மாதம் முழுவதும் மாலையில் மாதா பாட்டு உண்டல்லவா, இந்த வருஷம் பாடல்குழுவில் நான்தான் வாசிக்க வேண்டும் என்று சாமியார் சொல்லிவிட்டார். நானே பழகியது என்று அவருக்குத் தெரியும். தப்பு வந்தால் மாதா பொறுத்துக்கொள்வாள் என்கிறார்.

மாலையில் கோயில் மைதானத்தில் வாலிபால். நீ இல்லாமல் எனக்குப் பந்து ஏற்றிக் கொடுக்க ஆள் இல்லை. தேவசகாயம் ஏற்றினால் பந்து மணிக்கூண்டுக்குப் போகிறது.

அப்பாவுக்கு இப்போது விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் ஓய்வில்லாத வேலை. மல்லாட்டை வரத்து அதிகமாம், எங்கே பார்த்தாலும் கடலை மூட்டைதானாம். சனிக்கிழமை பாசஞ்சரில் வந்து, திங்கள் விடியலில் திரும்பிவிடுகிறார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உன் ஜோடி லெட்டர் போட்டானா?" மெட்ராஸ் காலேஜுக்கு இரண்டு பேரும் அப்ளிகேஷன் போட்டதையும், விடுதி அறைக்கு ஒருவர் பெயரை ஒருவர் எழுதிக் கொடுத்ததையும் அவர் கமிட்டி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சீட்டு கிடைக்காவிட்டால் என்னைவிட அவருக்குத்தான் அவமானம்.

உன்
சவுரிராயன்

உ

கண்டமங்கலம்,
23-4-1985

அன்பு நண்பன் சவுரிக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பாவின் வேலையைப் பற்றி எழுதிய இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே எனக்கு விளையாட்டும் இல்லை, பாட்டும் இல்லை. மல்லாட்டை பிடுங்கல் நடக்கிறது. என் அப்பா சுப்பராயலு எப்படிப்பட்டவர் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். "காலேஜுக்குப் போற கையி நாலு நாளு மண்ணுல இருந்தா தேய்ஞ்சா பூடும்?" என்கிறார். ஆள்களோடு சேர்ந்து நானும் குனிந்துகொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு நான் சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம்.

விஷயத்துக்கு வருகிறேன். மே ஐந்து ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாரியம்மன் திருவிழா. அன்று மதியத்திலிருந்து வாலிபால் போட்டி. எங்கள் ஊர் டீமில் வலைக்கு மேல் எகிறி கட் அடிக்கிறவன் கிணற்றில் குதித்துக் காலைச் சுளுக்கிக்கொண்டான். நான் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். முதல் பூசை பார்த்துவிட்டு பஸ் ஏறினால் விழுப்புரத்தில் மாறி சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடலாம். சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அம்மாவிடம் உன்னைப்பற்றி எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ எதையும் விளக்க வேண்டியதில்லை. வந்து அடித்தால் போதும்.

அன்புடன்
சு. கண்ணையன்

சேசு மரி சூசை

திண்டிவனம்,
8-5-1985

அன்புள்ள கண்ணையனுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வலது கை இன்னும் வீங்கியிருக்கிறது. டைப் அடிக்க முடியவில்லை, தேவசகாயத்துக்கு ஒரே சிரிப்பு.

உங்கள் ஊரில் விளையாடியதை நான் மறக்க மாட்டேன். தோற்றுவிட்டோம் என்று எல்லோரும் எழுந்துகொண்ட பிறகு நீ ஏற்றிக் கொடுத்த அந்தப் பந்துகளை இப்போது நினைத்தாலும் கை தானாக மேலே போகிறது. கூட்டத்தில் ஒருவர், "யார்ராது இந்தப் புள்ள, வலைக்கு மேல வூடு கட்டிக்கினு குந்தியிருக்கு" என்றாரே, அதை நான் வீட்டில் இரண்டு முறை சொல்லிவிட்டேன். கோப்பையை உன் அப்பா என் கையில்தான் கொடுத்தார்.

இனி எழுதப்போவது அந்தச் சாப்பாட்டைப் பற்றி. உன் அம்மா கூடத்தில் இலை போட்டு, நான் போதும் என்ற பிறகும் வடை வைத்தார்கள். அப்போது, "அப்பா இப்ப எந்த ஸ்டேஷன்ல கீறாரு தம்பி?" என்று கேட்டார்கள். எனக்கு வாயில் சோறு. நீ முந்திக்கொண்டு, "விழுப்புரம்தாம்மா" என்றாய். "ரயில்வே கிளார்க்குன்னா பாஸ் குடுப்பாங்களே, குடும்பத்தோட ஊரு ஊராப் போலாம்" என்றார்கள். நீ ஏதோ விளையாட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறாய் என்று நானும் சிரித்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது உன் தங்கை அம்சா மீதியைச் சொன்னாள். "நீங்க பாண்டிச்சேரி கிறிஸ்டியனாமே, தாத்தா பிரெஞ்சுக்காரன்கிட்ட பென்ஷன் வாங்கினாராமே, அண்ணன் சொல்லிச்சி." அந்தப் பெண்மேல் குற்றமில்லை. மரியாதையாகத்தான் கேட்டாள்.

கண்ணையா, நாங்கள் இருப்பது காலனி. என் தாத்தா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அம்மா சவுரியம்மாள் இன்றும் நடவுக்குப் போகிறார். அப்பா ராயப்பன் கமிட்டியில் மூட்டை தூக்குகிறார். இதெல்லாம் உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கேப்பைக்களி தின்றிருக்கிறாய். அன்று அந்தச் சோற்றை நான்தான் சாப்பிட்டேன். ஆனால் உன் அம்மா பரிமாறியது வேறு யாருக்கோ.

நீயே வீட்டில் சொல்லிவிடு. நான் யார் என்று தெரிந்தபிறகு கூப்பிட்டால் வருகிறேன்.

உன்
சவுரிராயன்

உ

கண்டமங்கலம்,
14-5-1985

அன்பு நண்பன் சவுரிக்கு,

நீ கோபமாக எழுதியிருந்தால் எனக்குப் பயமில்லை. வாலிபாலில் தோற்றால் நீ கத்துவாய், பிறகு டீ வாங்கிக் கொடுப்பாய். இவ்வளவு நிதானமாக எழுதியிருக்கிறாய், அதுதான் பேஜாராக இருக்கிறது.

கிறிஸ்டியன் என்று மட்டும்தான் முதலில் சொன்னேன். அது பொய்யில்லையே. பாண்டிச்சேரிப் பக்கமா என்று அம்மாவே கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். அதன்பிறகு ஒன்று சொன்னால் இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. உள்ளதைச் சொல்லியிருந்தால் உனக்கு எங்கே இலை போட்டிருப்பார்கள் என்று உனக்கே தெரியும். மாட்டுக்கொட்டகைப் பக்கம் உன்னை உட்கார வைத்து நான் கூடத்தில் சாப்பிட என்னால் முடியாது. உனக்கு நல்லது என்றுதான் செய்தேன்.

ரிசல்ட் வரட்டும். பாஸ் என்றால் அப்பா நல்ல மனநிலையில் இருப்பார். அன்று சொல்லிவிடுகிறேன். இது சத்தியம்.

அன்புடன்
கண்ணையன்

சேசு மரி சூசை

திண்டிவனம்,
8-6-1985

அன்புள்ள கண்ணையனுக்கு,

போன மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. ரிசல்ட் வரை காத்திருக்கலாம் என்று பேசாமல் இருந்தேன். மே மாதம் முழுவதும் தெருத் தெருவாக மாதா சுரூபத்தோடு போய் வாசித்தேன். கடைசி நாளில் ஒரு கம்பி அறுந்துபோனது. பாடுகிற பெண்கள் குரலாலேயே என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நேற்று பள்ளிக்கூடத்தில் மார்க் சொன்னார்கள். எனக்கு ஆயிரத்துப் பன்னிரண்டு. உன்னுடையதும் பார்த்தேன், பாஸ்தான், கணக்கில் நீ என்னைவிட அதிகம். அப்பாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று அப்போதே ரயில் ஏறி விழுப்புரம் போனேன்.

கமிட்டியில் அவர் முதுகில் மூட்டையோடு போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் நடந்துகொண்டே சொன்னேன். மூட்டையைக் கீழே போட்டுவிடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. அடுக்கு வரை கொண்டுபோய் ஒழுங்காக இறக்கினார். பிறகு எடைமேடைமேல் ஏறிக்கொண்டார். "யோவ், எல்லாரும் கேட்டுக்கோங்க. எம்புள்ள சவுரிராயன் பிளஸ் டூ பாஸு. ஆயிரத்துப் பன்னண்டு. மெட்ராஸ் காலேஜுக்குப் போறான்." ஒரு கிழவர், "அதெல்லாம் சரி ராயப்பா, டீ எப்போ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கூடவே வேலை செய்கிறவர்கள் வந்து என் தலையைத் தடவினார்கள்.

அப்போது பின்னாலிருந்து, "இன்னா தம்பி, நீ எங்க இங்க?" என்று ஒரு குரல். உன் அப்பா. சற்றுத் தள்ளி, தன் மல்லாட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அப்பா கத்தியது சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது.

வேறு எதையாவது சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. "அப்பாகிட்ட மார்க் சொல்ல வந்தேங்க" என்றேன்.

"ஸ்டேஷனுக்குப் போவாம இங்க எதுக்கு வந்த?"

"என் அப்பா ஸ்டேஷன்ல இல்லீங்க. அதோ, எடைமேடை மேல நிக்கிறாரே, அவர்தாங்க. பேரு ராயப்பன்."

"அவனா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்று காலை உங்கள் மூட்டைகளை வண்டியிலிருந்து இறக்கியதே அப்பாதானாம். பிறகு, "மார்க்கு எவ்ளோன்னு சொன்னாரு?" என்றார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு எடைச் சீட்டை வாங்கப் போய்விட்டார்.

திரும்பும்போது அப்பாவும் ரயிலில் வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். "ரயில்வே கிளார்க்கா? பரவால்ல, கலெக்டர்னு சொல்லாம வுட்டானே." பிறகு மயிலம் ஸ்டேஷனில் வண்டி நின்றது. "உன்ன வுட்டுக்குடுக்கக் கூடாதுன்னு என்ன வுட்டுட்டான். சின்னப் புள்ளதானே" என்றார். வண்டி நகர்ந்ததும், "அவர்கிட்ட என் பேரச் சொன்னியா?" என்று கேட்டார். சொன்னேன் என்றேன். "சத்தமாவா?" ஆமாம் என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

நீ சொல்ல வேண்டியதை நான் சொல்லும்படி ஆகிவிட்டது. வீட்டில் என்ன நடந்தது என்று மறைக்காமல் எழுது.

உன்
சவுரிராயன்

உ

கண்டமங்கலம்,
15-6-1985

அன்பு நண்பன் சவுரிக்கு,

மறைக்காமல் எழுதுகிறேன். அப்பா வந்து கால் கழுவினார். அடிக்கவில்லை. அம்மாவிடம், "உம்புள்ள சொன்ன கிளார்க்கு நம்ம மூட்டையத்தான் தூக்கறான்" என்றார். "நாலு பேருக்கு நடுவுல என்னக் கேணையன் ஆக்கிட்டான்" என்று என்னைக் காட்டினார்.

அம்மா அன்று அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள், "அந்தத் தம்பிக்கு எந்தத் தட்டுல போட்டேன்?" என்று கேட்டார்கள். இலை என்றேன். "ஆமாமா, எலதான்" என்றார்கள். அம்மாவுக்கு மனசு கொஞ்சம் லேசானதுபோல் இருந்தது. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதினேன்.

நேற்று காலேஜிலிருந்து, சீட்டும் கேட்டபடியே ஒரே ரூமும் கிடைத்ததாக அட்டை வந்தது. உனக்கும் வந்திருக்கும். விடுதியில் வேறு ரூம் கேட்டு எழுதச் சொன்னார் அப்பா. எழுத மாட்டேன் என்றேன். முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேராகப் பேசினேன். "அந்தப் பையன் மார்க்கு நல்லா வாங்கிக்கீறான், அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். ஜூலை ஒன்றாம் தேதி என்னை விடுதியில் சேர்க்க அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். மூன்று மணி பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவார்கள். நீ மட்டும் சாயங்காலம் வந்து சேர்ந்தால் யாருக்கும் சங்கடம் இல்லை. அதன்பிறகு மூன்று வருஷம் நம் ரூம், நம் இஷ்டம். எனக்காக இதைச் செய்.

அன்புடன்
கண்ணையன்

சேசு மரி சூசை

திண்டிவனம்,
20-6-1985

அன்புள்ள கண்ணையனுக்கு,

எனக்கும் அட்டை வந்துவிட்டது. சாமியார் ஞாயிறு பூசையில் என் பெயரைச் சொன்னார். அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார். எங்கள் தெருவிலிருந்து மெட்ராஸ் காலேஜுக்குப் போகிறவன் நான்தான் முதல். தேவசகாயம் டைப்ரைட்டிங்கில் பாஸாகிவிடுவான் போலிருக்கிறது. அவன் எனக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்திருக்கிறான், மை ஒழுகுகிறது, ஆனாலும் இதை அதில்தான் எழுதுகிறேன்.

ரூம் மாற்ற எழுத மாட்டேன் என்று உன் அப்பாவிடம் சொன்னதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உன் அம்மா கேட்டதைப் படிக்கவில்லை. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். உண்மையை மறைக்காமல் எழுதியதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் நீ கேட்ட உதவியைச் செய்ய முடியாது. நான் சாயங்காலம் வர மாட்டேன். காலையிலேயே வருகிறேன், அப்பாவோடு. அன்றைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று அவர் இப்போதே சொல்லி வைத்துவிட்டார். புது வேட்டி எடுத்திருக்கிறார். அவர் சட்டை போட்டுக்கொண்டு நிற்பதை நீ பார்த்ததில்லை, பார்த்தால் உனக்கே பிடிக்கும்.

உன் அப்பா அம்மா ரூமுக்கு வரும்போது நான் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன். உன் அம்மாவிடம், அன்று சாப்பிட்டது ராயப்பன் மகன் சவுரிராயன் என்று சொல்லி, சாப்பாடு நன்றாக இருந்தது என்றும் சொல்வேன். அதை இதுவரை சரியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு அப்பாவைக் காட்டுவேன். அவர்கள் உட்காருவதும் திரும்பிப் போவதும் அவர்கள் விருப்பம். அதற்காக நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் என் வீட்டாரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து மூன்று வருஷம் படிக்க எனக்கு ஆகாது.

தகரப்பெட்டி வாங்கியிருக்கிறோம், இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தது. புத்தகம் வைத்ததும் கனமாகிவிட்டது. நானே தூக்கிக்கொள்கிறேன் என்றேன். "ஊருல இருக்கிறவன் மூட்டையெல்லாம் தூக்கறேன், எம்புள்ள பொட்டியத் தூக்கக் கூடாதா?" என்கிறார் அப்பா. அவர் கேட்க மாட்டார். விடுதி வாசல் படியில் ஏறும்போது நீ அங்கே நின்றிருந்தால், ஒரு கைப்பிடியை நீ பிடித்துக்கொள்.

உன்
ரா. சவுரிராயன்