போதகரை எதிர்கொள்ளப் போன ஞாயிறு

இன்று ஆராதனை தொடங்குமுன்பே அம்பிட்டியவில் மழை பிடித்துக்கொண்டது. ஆலய வாசலில் விரித்து வைத்திருந்த குடைகளிலிருந்து நனைந்த துணியும் செம்மண்ணும் கலந்த வாசம் வந்தது. பாட்டுப் புத்தகத்தைத் திறந்தபடி நின்றேன், வாய் பாடவில்லை. நீ நினைவில் வந்துவிட்டாய், தோழி. சேலைக் கரையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மழையில் மலையிறங்கிப் போன அந்த நீ.

தெல்தெனியப் பாடசாலையில் நாம் ஒன்றாகப் படிப்பித்த காலம் அது. நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். நீ யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். நான் உன்னை நீ என்பேன். நீயோ என்னை 'நீர்' என்பாய். "என்ன இது, வேதாகமத்துல பேசுற மாதிரியே பேசுற?" என்று சிரித்தேன். "சிரியும், சிரியும். பழகினாப் பிறகு நீரும் இப்பிடித்தான் கதைப்பீர்" என்றாய். நான் மாறவில்லை. ஆனால் அந்த 'நீர்' என் காதில் விழாமல் போனதிலிருந்து யாருடன் பேசினாலும் ஏதோ குறைகிறது.

நம் சிற்றாலயம் தேயிலை மலைக்கு மேலே இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, போதகர் கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கி, மலைப்பாதையில் நடந்தே ஏறி வந்து திருவிருந்து கொடுப்பார். வருவார், ஜெபிப்பார், போவார். தலைக்கு மேல் கூரை இருப்பதைப் போல அவர் வருவதும் இருந்தது. தாமதமானால்தான் அவர் ஞாபகமே நமக்கு வரும்.

அன்றைக்கு நல்ல மழை. சபையார் காத்திருந்து சலித்துப்போனார்கள். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கி ஓய்வு பெற்ற கங்காணி ஒருவர் முன் வாங்கில் எப்போதும் உட்காருவாரே, அவர்தான் முதலில் எழுந்தார்.

"இன்னைக்கும் லேட்டு. பூட்டிட்டுப் போவோம் வாங்க."

"மழையா இருக்குங்களே ஐயா," என்றேன் நான்.

"மழைன்னா? அவரு வேலைதானே அது. வந்துதான் ஆகணும்."

நீ எழுந்தாய். உன் குரலில் கோபம் இல்லை. "வேலைதான் ஐயா. அந்த வேலையை ஆருக்காகச் செய்யிறார்? ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லுறம். அவர் அனுப்பின மனுசன் மழையில நனைஞ்சு வந்தால், ஏன் பிந்தினது எண்டு கேக்கிறம்." பிறகு குடையை எடுத்தாய். "நான் முன்னுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வாறன். வரக்கூடியவை வாங்கோ."

நான் உன் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தால், ஒருவர் பின் ஒருவராக ஏறக்குறைய எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். கங்காணியாரும்.

பாதி வழியில், ஓடை பாதையைக் கடக்கும் இடத்தில், மதகுக் கட்டின் மேல் போதகர் உட்கார்ந்திருந்தார். காற்சட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தது. திருவிருந்துப் பாத்திரங்கள் இருந்த பையை மழைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்திருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை, ஓடை கொண்டுபோயிருந்தது. நம்மைக் கண்டதும் பதறிப்போய் எழுந்தார்.

"என்ன ஆச்சு? யாருக்கும் சுகமில்லையா?"

"ஒண்டும் இல்லை ஐயா. உங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தனாங்கள்," என்றாய். "இவ்வளவு காலமும் நீங்கள் ஏறி வந்ததுக்கு நாங்கள் ஒருநாளும் நன்றி சொல்லேல்லை. இண்டைக்குச் சொல்லுறம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, நனைந்த சட்டையிலேயே துடைத்தார். அது துடைபடவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "திரும்பிப் போகத்தாம்மா பாத்தேன். வேற யாரையாவது அனுப்பச் சொல்லிக் கேட்டுடலாம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். நான் வர்றதும் வராததும் இங்க யாருக்கும் ஒண்ணுதான்னு தோணுச்சு."

கங்காணியார் குனிந்து தம் செருப்புகளைக் கழற்றி, போதகரின் காலடியில் வைத்தார். "போட்டுக்குங்க ஐயா. எனக்கு இந்த மலையில வெறுங்காலே பழக்கம்." அந்தச் செருப்பு போதகருக்குப் பெரிது. சளக் சளக்கென்று சத்தம் வர, சபையார் புடைசூழ அவர் மலையேறியதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வருகின்றன. அன்று ஈர உடையோடு வாங்கிய அப்பமும் திராட்சை இரசமும்போல் பிறகு ஒருநாளும் எனக்கு ருசித்ததில்லை.

வேறு ஆள் கேட்கும் எண்ணத்தை அவர் விட்டுவிட்டார். அதன்பின் அவர் வரும் ஞாயிறுகளில் யாராவது ஒருவர் மதகடி வரை இறங்கிப் போவது வழக்கமாயிற்று. பெரும்பாலும் கங்காணியார்தான்.

உன் கடைசி மாதங்கள் கண்டியில், உன் மகளின் வீட்டில். அவள் வேலைக்குப் போன பிறகு நான் வருவேன். உன்னைச் சாய்த்து உட்கார வைத்து, உடம்பு துடைத்து, தலை வாரிவிடுவேன். முடித்ததும் நன்றி சொல்ல, உங்கள் ஊர் வழக்கப்படி, "பெரிய உபகாரம்" என்பாய். கஞ்சி கொடுத்தால் பெரிய உபகாரம். தலையணை மாற்றினால் பெரிய உபகாரம். ஒருநாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"எத்தனை தடவதான் சொல்லுவ? நமக்குள்ள என்ன இதெல்லாம்?"

மூச்சு வாங்கிக்கொண்டு நீ சொன்னாய்: "நீர் ஒவ்வொரு நாளும்தானே வாறீர். அப்ப நானும் ஒவ்வொரு நாளும்தானே சொல்லவேணும்."

சீப்பிலிருந்த உன் நரைமுடியைச் சுருட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன்னை அடக்கம் செய்து சில நாட்கள் கழிந்திருக்கும். ஒரு காலையில், ஓய்வு பெற்ற நாளிலிருந்து செய்வதுபோலவே, என் வீட்டுக்காரர் தேநீரைக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தார். என்னையும் அறியாமல் வாயில் வந்துவிட்டது: "பெரிய உபகாரங்க."

அவர் திடுக்கிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "ஏன், எறும்பு கெடக்குதா?"

சிரித்தேன். சிரித்துச் சிரித்து அழுதேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாளும் சொன்னேன், அதற்கு மறுநாளும். "சும்மா இரு, பைத்தியம் மாதிரி" என்று கூச்சப்பட்டுக்கொண்டு போய்விடுவார்.

இப்போதெல்லாம் கோப்பையை வைத்த பிறகு, அவர் உடனே போவதில்லை. திரைச்சீலையைச் சரிசெய்கிற சாக்கில், நான் சொல்லும் வரை நிற்கிறார்.