வலது இறக்கை

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் மழை, பிறகு வெயில். கார் முழுக்க மஞ்சள் மகரந்தம். நிலாவுக்குத் தும்மல் ஆரம்பம்.

அடுத்த சனிக்குள்:
- நிலாவின் அலர்ஜி மருந்து
- இன்சூரன்ஸ் பேப்பர் பிரின்ட்
- விமானம் நிற்கும் ஹாங்கரில் என் டூல் பாக்ஸ் சுத்தம்
- புளியோதரை, தயிர் சாதம். இருபது பேருக்கு. இவர் ஆபீசில் ஒருத்தர் விடாமல் கூப்பிட்டிருக்கிறார்.

19ஆம் தேதி விமானம் முதல் தடவையாக மேலே போகிறது. நாலரை வருட வேலை. 1946 மாடல், இரண்டே சீட். ஒரு பண்ணைக் கொட்டகையில் எலிக்கூடுகளோடு கிடந்ததை இவர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று பார்சிப்பனியில் எங்கள் தெருவே வாசலில் நின்று பார்த்தது. இவருக்கு பைலட் லைசென்ஸ் உண்டு. எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும். அதுவும் இதில் கற்றுக்கொண்டதுதான். எப்படியோ இடது இறக்கை இவருடையது, வலது இறக்கை என்னுடையது என்று ஆகிவிட்டது. மரச்சட்டம், அதற்குள் கம்பிகள், மேலே துணி, துணியை இறுக்க இஸ்திரிப் பெட்டி, அப்புறம் பெயின்ட். கிரீம் கலர், பச்சைக் கோடு.

பயமாக இருக்கிறது. சொல்லவில்லை. ஹைவேயில் மெர்ஜ் பண்ணி உள்ளே நுழையவே ஏழு வருடம் எடுத்துக்கொண்டவள் நான். சொன்னால் சிரிப்பார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

வீட்டிலிருந்து வேலை. இரண்டு மணிக்கே லேப்டாப்பை மூடிவிட்டு ஹாங்கர். வழியில் ரோட்டோரம் மான், நான்கு.

டூல் பாக்ஸின் அடித்தட்டில் ஒரு பழைய தயிர் டப்பா. அதற்குள் ஒரு காட்டர் பின். ஊரில் ஸ்ப்ளிட் பின் என்போமே, அது. நட்டு கழன்றுவிடாமல் போல்ட்டின் ஓட்டையில் நுழைத்து இரு காலையும் மடக்கிவிடுவது. இது மடக்கப்படாதது. புதுசு.

அக்டோபரில் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மெக்கானிக் டெப் வந்து, துணி போர்த்துவதற்கு முன் இறக்கையின் உள்ளே எல்லாவற்றையும் பார்த்து, லாக் புக்கில் கையெழுத்துப் போட்டாள். அவள் போன பிறகு, கேபிள் ஓடும் புல்லி ஒன்று ஓரத்தில் உரசுவதைக் கவனித்தேன். போல்ட்டைக் கழற்றிச் சரிசெய்து திரும்ப மாட்டினேன். நட்டைத் திருகிக்கொண்டிருக்கும்போது ஸ்கூல் நர்ஸிடமிருந்து போன். நிலா ஜிம் கிளாஸில் விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது என்று. ஓடினேன். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. மூன்று நாள் கழித்து நான் போனபோது இவர் வலது இறக்கைக்குத் துணி போர்த்தி முடித்திருந்தார். எனக்கு சர்ப்ரைஸாம். சந்தோஷப்பட்டேன்.

பின் போட்டேனா?

தெரியவில்லை. கண்ணை மூடினால் என் விரல்கள் பின்னை மடக்குவது தெரிகிறது. ஆனால் அதே மாதிரி முப்பது பின் மடக்கியிருக்கிறேன். எந்த மடக்கல் எது?

விமானத்தை இடமும் வலமும் சாய்க்கும் கேபிள் அந்தப் புல்லி வழியாகத்தான் போகிறது.

ஏப்ரல் 12, சனி

தோசை மாவு பொங்கவே இல்லை. குளிர்.

காபி குடிக்கும்போது சொல்லிவிட்டேன். இவர் முதலில் சிரித்தார்.

"டூல் பாக்ஸ்ல எக்ஸ்ட்ரா பின் இல்லாம எப்படி இருக்கும் கோகி?"

"அந்த டப்பால தனியா இருந்துச்சுங்க. அன்னைக்கு எடுத்து வெச்சதுதான்னு தோணுது."

"தோணுதுன்னா? போடலைன்னு ஞாபகம் இருக்குதா?"

"போட்டேன்னு ஞாபகம் இல்லீங்க."

எழுந்து போய்த் தட்டைக் கழுவினார். அதே தட்டை இரண்டு தடவை. பிறகு, "நேத்துகூட உள்ள உக்காந்து, ஓட்டற ஸ்டிக்கை ஆட்டிப் பாத்தேன். வெண்ணெய் மாதிரி போவுது. டெப்கிட்ட ஒண்ணும் சொல்லீராத. மொத்தத்தையும் நிறுத்தீருவா. அவ்வளவு பேரைக் கூப்புட்டிருக்கேன்" என்றார்.

துணியை அறுக்காமல் பார்க்க முடியாதா என்று கேட்டேன். மதியம் இரண்டு பேருமாகப் போய், கேமரா ஒயரைப் பக்கத்திலிருக்கும் சின்ன மூடி வழியாக விட்டுப் பார்த்தோம். போல்ட்டின் தலை தெரிகிறது. நட்டு இருக்கும் பக்கம் மரச்சட்டத்துக்குப் பின்னால். எப்படி வளைத்தாலும் தெரியவில்லை.

"உனக்கு இது மேல போறதே பயம். அதுக்கு ஒரு காரணம் தேடிக்கற" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அப்படியும் இருக்குமோ என்று எனக்கே சந்தேகம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நிலா ஃபிரெண்டிடம் போனில்: "மை மாம் இஸ் லைக் சூப்பர் ஆங்ஷியஸ் அபவுட் எவ்ரிதிங்." கதவு திறந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

சாயங்காலம் சமையல்கட்டில் வந்து நின்றாள். நாங்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. தமிழில் பதில் சொல்லமாட்டாளே தவிர ஒரு வார்த்தை தப்பாது.

"ஸோ இட்ஸ் பிகாஸ் ஆஃப் மீ? தட் நர்ஸ் கால்?"

"இல்ல கண்ணு. போனை வெச்சுட்டு ஒரு நிமிஷம் நின்னிருக்கலாம். நிக்காம ஓடியாந்தது நாந்தான்."

"வுட் அப்பா டை?"

பதிமூன்று வயதுக் குழந்தை கேட்கிற கேள்வியா இது. மாட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். இழுத்து அணைத்துக்கொண்டேன். விடுவித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. பாயசம். இவர் அம்மா வீடியோவில் வந்து, "ஏரோப்ளேன் எப்பச் சாமி பறக்குது?" என்றார். "சனிக்கெழமைம்மா" என்றார் இவர். என் பக்கம் பார்க்கவில்லை.

ஆபீசில் இரண்டு மீட்டிங். மருந்துக் கம்பெனியில் குவாலிட்டி வேலை. ஒரு பேட்ச் ரெக்கார்டில் ஒரே ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது. அந்தப் பையன் "கண்டிப்பா செஞ்சேன், எழுத மறந்துட்டேன்" என்கிறான். நான் ஏற்கவில்லை. மொத்த பேட்சையும் நிறுத்திவைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மாத்திரைக்கு இவ்வளவு பேசுகிறவள்.



நாளை மதியம் லீவு சொல்லியிருக்கிறேன். இவரிடம் சொல்லவில்லை. பதினாறு வருடத்தில் இவருக்குத் தெரியாமல் எங்கும் போனதில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

நல்ல காற்று. ரூட் 80இல் லாரிகள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துவிட்டது.

டெப் அவளுடைய ஷெட்டில் இருந்தாள். அறுபது வயதுக்கு மேல், எப்போதும் கிரீஸ் படிந்த ஒரே நீலச் சட்டை. அவள் பேசியது ஆங்கிலம்தான், மனதில் தமிழாகத்தான் நிற்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் கேட்டது ஒன்றுதான்: "எந்த இடம்?"

ஹாங்கருக்குப் போனோம். டேப் வைத்து அளந்து, துணிமேல் பென்சிலால் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் போட்டாள். பிளேடை என்னிடம் நீட்டினாள். "உன் இறக்கை. நீயே அறு."

ஏழு கோட் பெயின்ட். நான் மணல்தாள் போட்டுத் தேய்த்த துணி. பிளேடு இறங்கியதும் மேளத்தைக் கிழித்த மாதிரி ஒரு சத்தம். கண்ணில் தண்ணீர். அப்போதும் மனதுக்குள் இருந்தது: பின் இருக்கட்டும், நான் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன், இவர் வாழ்க்கை முழுக்கச் சொல்லிக்காட்டட்டும்.

டெப் சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே விட்டாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையை நுழைத்தாள்.

"உள்ளே கை விடு. நீயும் தொட்டுப் பார்."

பின் இல்லை. அது மட்டுமில்லை. நட்டு என் இரண்டு விரலுக்குத் திரும்பியது. ஸ்பானரே வேண்டியிருக்கவில்லை.

டெப் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. அவளுடைய கையெழுத்தும் அல்லவா அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. "பத்து நிமிடம் பறந்திருக்கும். ஒருவேளை இருபது" என்றாள். பிறகு லாக் புக்கைத் திறந்து, விமானம் பறக்கத் தகுதியில்லை என்று எழுதித் தேதி போட்டாள்.

பார்க்கிங்கில் காருக்குள் அரை மணி உட்கார்ந்திருந்தேன். ஓட்ட முடியவில்லை.

சாயங்காலம் இவர் வந்ததும் நின்றுகொண்டே சொன்னேன்.

"கையால சுத்துச்சா?"

"ஆமாங்க."

"வெறும் கையால?"

"ரெண்டு விரலாலீங்க."

ஷூவைக்கூடக் கழற்றாமல் கராஜுக்குப் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். லைட் போடாமல் பழைய சைக்கிள்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

ஏப்ரல் 16, புதன்

டெப்பிடம் சொன்னதற்குத் திட்டுவார் என்று இருந்தேன். திட்டவில்லை. ஆபீஸ் கிளம்பும்போது, கையில் கார் சாவியோடு:

"லெஃப்ட் விங்ல அதே புல்லி. நான் போட்டது. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். பின் போட்டது எனக்கும் ஞாபகம் இல்ல கோகி."

"பிரிச்சுப் பாத்தரலாங்க."

"ம்."

எல்லோருக்கும் மெசேஜ் போட்டுவிட்டார். சனிக்கிழமை கேன்சல். காரணம் எழுதவில்லை. பதிலுக்கு அழுகிற பொம்மை, கட்டை விரல், இரண்டு பேர் "சேஃப்டி ஃபர்ஸ்ட்".

இருபது பேருக்கான புளிக்காய்ச்சல் ஃபிரிட்ஜில்.

ஏப்ரல் 19, சனி

பறக்க வேண்டிய நாள். இடது இறக்கையை அறுத்தோம். இவர்தான் அறுத்தார். வட்டம் கோணல்.

பின் இருந்தது. ஒழுங்காக மடக்கியிருந்தது.

அப்பாடா என்று நான் நிமிர்ந்தால், இவர் அடுத்த பென்சில் வட்டத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு இன்னொன்று. வால் பக்கம் ஒன்று. டெப் தடுக்கவில்லை. மொத்தம் ஆறு ஓட்டை. மற்றதெல்லாம் சரியாக இருந்தது. என்னுடையது ஒன்றுதான் தப்பு. அதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வலது புல்லிக்கு நான் புதுப் பின் போட்டேன். மடக்கினேன். போட்டோ எடுத்தேன். டெப் பார்த்தாள், இவர் பார்த்தார். திரும்ப நான் பார்த்தேன்.

ஏப்ரல் 26, சனி

தூறல். பெயின்ட் காய மறுக்கிறது. பச்சைக் கோட்டின்மேல் ஒட்டுப்போட்ட இடம் அம்மைத் தழும்பு மாதிரி தெரிகிறது. இவர் மறுபடி அடிக்க வேண்டாம் என்றுவிட்டார்.

டெப் எல்லா மூடிகளையும் திறந்து முழுதாக இன்னொரு தடவை பார்த்துக் கையெழுத்து.

இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. மெலிந்திருக்கிறார். கேட்டால் ஆபீசில் டெட்லைன் என்கிறார்.

மே 3, சனி

தெளிவான வானம். காற்று குறைவு. யாரையும் கூப்பிடவில்லை. நான், நிலா, டெப்.

இவர் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டார். "வரட்டுமா" என்றார். ஊரில் கடைக்குப் போகிறவர் கேட்கிற மாதிரி. தலையை ஆட்டினேன்.

புல்லின்மேல் குதித்துக் குதித்து ஓடி, சட்டென்று குதிப்பு நின்றது. மேலே. சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே மரங்கள் தெரிந்தன. ரேடியோவில் இவர் குரல், ஆபீஸ் மீட்டிங் குரல். முதல் ரவுண்டு. இரண்டாவது.

மூன்றாவதில் பைன் மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்தது. சத்தமும் கேட்கவில்லை. நிலா என் கையைப் பிடித்து, "அம்மா, எங்க? அப்பா எங்க?" என்றாள். தமிழில். டெப் என் ஜாக்கெட் கையைக் கசக்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மரத்துக்கு மேலே கிரீம் கலர் தெரிந்ததும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

இறங்கினார். இஞ்சின் நின்றது. ஆள் இறங்கவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். இரண்டு கையும் முழங்காலில். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ரைட்ல திருப்பவே இல்ல" என்றார்.

"என்னங்க?"

"மூணு ரவுண்டும் லெஃப்ட்லயே திரும்பினேன். இங்க ரூல் அப்படித்தான், சரி. ஆனா மேல போய் ரெண்டு பக்கமும் சாச்சுப் பாக்கணும்னு டெப் சொல்லியிருந்தா. கை வல்ல. ரைட் விங்கையே பாத்துட்டு இருந்தேன். பயம் கோகி. அவ்வளவு பயம்."

இந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நெற்றி வேர்வையைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டேன். டெப் பக்கத்தில் வந்து, திரும்பி நடந்து போய்விட்டாள்.

"நான் போட்ட பின்தானங்க. நாளைக்கு நானும் வர்றேன்."

"நீயா?"

"நானேதான்."

சொல்லிவிட்டேன். அப்போதிலிருந்து காது அடைத்த மாதிரி இருக்கிறது.

மே 4, ஞாயிறு

இனி இன்னொருவரும் ஏறலாம் என்று டெப் முதலில் லாக் புக்கில் எழுதினாள். பிறகு என் பெல்ட்டை அவளே இழுத்துப் பார்த்தாள்.

குளிர், காற்று இல்லை. ஆயிரத்து ஐந்நூறு அடி. கீழே பார்க்கவில்லை. இவர் "திருப்பட்டுமா" என்றார். "திருப்புங்க" என்றேன். என் பக்கத்து இறக்கை மெதுவாகக் கீழே இறங்கியது. ஒட்டுப்போட்ட இடம் கண்ணுக்கு நேரே. நான் அதையே பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார்.

வலது பக்கம் இரண்டு தடவை திரும்பினோம். பயமாகத்தான் இருந்தது. இரண்டு பேருக்கும்.