கவிழ்த்துக் காட்டிய ஜாடி

சேசு மரி சூசை துணை

சைகோன், காத்தினா தெரு
12 அக்டோபர் 1967

அன்புள்ள சிமோனுக்கு,

நானும் எட்மோனும் சுகம். நீயும் பொலேத்தும் ஜூலியேத்தும் உன் அப்பாவும் அப்படியே இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். உன் அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? அவரைப் பார்த்துக்கொள்ள என்று நீ நம் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கடையில் உன் நாற்காலியில் இன்னும் யாரையும் நான் உட்காரவிடுவதில்லை.

ஒரு சேதி சொன்னால் சிரிப்பாய். நான் தெலெவிசியோனில் வருகிறேன்! நீ போன பிறகுதான் அது இந்த ஊருக்கு வந்தது. முதலில் ஒரு விமானத்தை வானத்தில் சுற்றவிட்டு அதிலிருந்து ஒளிபரப்பினார்கள். இப்போது நிலையமே இருக்கிறது. அங்கே வேலை செய்யும் ஒருவர் நம் பழஞ்சாமான் கடைக்கு ஒரு பழைய தட்டை விற்க வந்தார். வாங்குவதை விட்டுவிட்டு அந்தத் தட்டின் கதையை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "இதையே காமிரா முன்னால சொல்லுவீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

வியாழக்கிழமை மாலையில் நிகழ்ச்சி. ஜனங்கள் வீட்டில் இருக்கும் பழைய சாமான்களைக் கொண்டுவருவார்கள். எந்தக் காலத்தது, எந்த ஊர்ச் சூளையில் வெந்தது, அசலா போலியா என்று நான் சொல்ல வேண்டும், வியட்நாம் மொழியில். இந்த ஊரில் நம்மவர்களை ஏழாமவர் என்று கூப்பிடுவார்கள் அல்லவா, அதையே எனக்குப் பெயராக்கிவிட்டார்கள். சூ பாய், அதாவது ஏழாம் சித்தப்பா. கடையில் பாதி பொய் சொன்னால்தான் அடுப்பு எரியும், உனக்குத் தெரியாததா? இங்கே உண்மை சொன்னால் கைதட்டுகிறார்கள், சிமோன். இந்த வயதில் எனக்கு அது புதிதாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்நியப் பிரஜையை வாராவாரம் திரையில் காட்டினால் பேச்சு வரும் என்று யாரோ சொன்னார்கள். அதனால் பிரெஞ்சுக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்த நாட்டுப் பிரஜையாகிவிட்டேன். காகிதம்தானே. பெண்களுக்கு என் முத்தங்கள்.

உன்
ரொபேர்


சேசு மரி சூசை துணை

புதுச்சேரி, மிஷன் வீதி
9 நவம்பர் 1967

அன்புள்ள எட்மோன் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கு வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. வாய் மட்டும் வடியவில்லை, படுக்கையில் இருந்தபடியே எல்லோரையும் அதிகாரம் செய்கிறார்.

தெலெவிசியோன் என்றால் என்னவென்று இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. ஜூலியேத் ஒரு பிஸ்கோத்து டப்பாவுக்குள் உங்கள் போட்டோவை ஒட்டி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, உங்களைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு பிரசங்கம் செய்கிறாள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். உங்களைப் போல் கதை சொல்ல ஆள் கிடையாது, அதை நான் எப்போதும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

கடைசிப் பத்தியைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. காகிதம்தானே என்று எழுத எப்படிக் கை வந்தது? தகப்பன் நாடு மாறினால் வயது வராத பிள்ளையும் கூடவே மாறுகிறான். இங்கே தெரிந்தவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நேற்று வரை எட்மோன் பிரெஞ்சுப் பிள்ளை, அந்த ஊர்ப் பட்டாளம் அவனைத் தொட முடியாது. இன்றைக்கு? அவனுக்கு அடுத்த ஜூலை வந்தால் பதினெட்டு. யாரோ சொன்னார்களாம்! யார் அந்த யாரோ? பெற்றவளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா?

பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை கிடக்கட்டும். அவனை அடுத்த கப்பலில் ஏற்றிவிடுங்கள். கடையை விற்க வேண்டாம், நீங்கள் வரவும் வேண்டாம். பிள்ளையை மட்டும் அனுப்புங்கள்.

உங்கள்
சிமோன்


சேசு மரி சூசை துணை

சைகோன்
15 ஜனவரி 1968

அன்புள்ள சிமோனுக்கு,

இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது. எட்மோனுக்கு ஜூனில் பக்கலோரேயா பரீட்சை. இத்தனை வருஷம் படித்துவிட்டு ஆறு மாதத்துக்காக விடச் சொல்கிறாயா? அவனே, "பரீட்சை எழுதாம வந்து நின்னா தாத்தா என்னைச் சும்மா விடுவாரா? அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்கப்பா" என்கிறான். பரீட்சை முடிந்த மறுநாளே கப்பல். இது என் வாக்கு.

இங்கே நான் நடந்து போனால் பிள்ளைகள் "சூ பாய், சூ பாய்" என்று பின்னால் ஓடிவருகிறார்கள். போன வியாழன் நம் தொழிலின் ரகசியத்தையே உடைத்துவிட்டேன். ஒரு ஜாடியைக் கவிழ்த்து அதன் அடிவட்டத்தைக் காமிராவுக்குப் பக்கத்தில் பிடித்தேன். தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய ஜாடி என்றால் அடியில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடியிருக்கும். புதிய ஜாடியை உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கினால் கீறல் எல்லாம் ஒரே பக்கமாகப் போகும். அவ்வளவுதான் விஷயம். இப்போது சந்தையில் மீன் விற்கிற பெண்கள்கூட கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்களாம். மற்ற கடைக்காரர்கள் என்னைத் திட்டித் தீர்க்கிறார்கள். இப்போதெல்லாம் வாராவாரம் ஒரு சாமானையாவது கவிழ்த்துக் காட்டாவிட்டால் ஜனங்கள் விடுவதில்லை.

நீ பார்க்க முடியவில்லையே என்ற ஒரே குறைதான்.

உன்
ரொபேர்


சேசு மரி சூசை துணை

சைகோன்
8 ஜூலை 1968

அன்புள்ள சிமோனுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. தெத் புத்தாண்டுப் பண்டிகையில் தொடங்கிய சண்டை மே மாதம் மறுபடி ஊருக்குள் வந்தது. நம் தெருவுக்கு ஆபத்தில்லை. உன் அப்பா காலமான சேதி அறிந்து அழுதேன். அவர் என்னை மருமகன் என்று ஒருநாளும் மதித்ததில்லை, ஆனாலும் அழுதேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எட்மோனுக்குப் பட்டாளத்திலிருந்து ஆணை வந்துவிட்டது. சண்டையால் பரீட்சை தள்ளிப்போயிற்று. அதற்குள் பதினெட்டு வயதான எல்லோரும் சேர வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. வெளிநாடு போகவும் அனுமதி கிடையாது. பிரெஞ்சுக் கொன்சுலா அலுவலகப் படியேறிக் கெஞ்சிப் பார்த்தேன். "உங்கள் பிள்ளை எங்கள் பிரஜை இல்லையே, முசியே" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். நீ சொன்னபோதே அனுப்பியிருக்க வேண்டும்.

ஒரு வழி இருக்கிறது. பட்டாளத்துக் கொலொனேல் ஒருவர் என் நிகழ்ச்சியைத் தவறாமல் பார்ப்பவர். பயிற்சி முடிந்ததும் எட்மோனை சைகோனிலேயே ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் வைத்துக்கொள்ள அவரால் முடியும். பதிலுக்கு அவர் மனைவி ஒரு நீல ஜாடியை நிகழ்ச்சிக்குக் கொண்டுவருவார். அது இருநூறு வருஷத்துப் பழசு என்று நான் சொல்ல வேண்டும். சூ பாய் சொல்லிவிட்டால் அமெரிக்கர்கள் போட்டிபோட்டு வாங்குவார்கள். ஜாடியைப் பார்த்தேன். பக்கத்துச் சோலோன் சூளையில் போன வருஷம் செய்தது.

என் வாயைத்தானே, சிமோன், இந்த ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது! என்ன செய்யட்டும்?

உன்
ரொபேர்


புதுச்சேரி
20 ஜூலை 1968

அன்புள்ள எட்மோன் அப்பாவுக்கு,

என்ன செய்யட்டும் என்று கேட்கவா கடிதம் எழுதினீர்கள்? சொல்லுங்கள். இருநூறு என்ன, ஐந்நூறு வருஷம் என்று சொல்லுங்கள். கடையில் நீங்களும் நானும் சேர்ந்து சொல்லாத பொய்யா? பாவம் என்றால் அதை என் கணக்கில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்கிறேன்.

இனி நான் இங்கே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எட்மோன் சைகோனிலேயே இருப்பான் என்றால் பெண்களோடு டிசம்பரில் நான் அங்கே வந்துவிடுகிறேன். குண்டு விழுந்தால் எல்லோர் தலையிலும் விழட்டும். சிங்கப்பூர் வரை கப்பல் டிக்கெட்டுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். பெரிய மீனை வாங்கிக் குழம்பு வைத்து உங்கள் மூன்று பிள்ளைகளையும் ஒரே மேஜையில் உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

சண்டை போடவில்லை, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். சொல்லிவிடுங்கள்.

உங்கள்
சிமோன்


சேசு மரி சூசை துணை

சைகோன்
3 அக்டோபர் 1968

அன்புள்ள சிமோனுக்கு,

சொன்னேன். நீ கேட்டபடியே சொன்னேன். இருநூறு வருஷத்துப் பழசு, அரண்மனைச் சாமான் என்று வாய் குழறாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டே ஜாடியைக் கவிழ்த்துவிட்டேன். வாராவாரம் செய்கிற காரியம், கை தானாகத் திரும்பிவிட்டது. காமிராக்காரரும் வழக்கம்போலப் பக்கத்தில் வந்துவிட்டார். அடிவட்டம் திரை முழுக்கத் தெரிந்திருக்கிறது, கீறல் எல்லாம் ஒரே பக்கமாக.

மறுநாள் ஊரே அதைப் பேசிச் சிரித்தது. கொலொனேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் அவருக்குத்தான் அவமானம். எட்மோனின் தட்டச்சு வேலை போய்விட்டது. சண்டை நடக்கும் கொந்தும் பக்கம் மலைக்கு அவனை அனுப்பிவிட்டார்கள். லாரி ஏறும் முன்னால் பார்க்கவிட்டார்கள். முடியை ஒட்ட வெட்டியதில் காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. "விடுங்கப்பா, மத்த பிள்ளைங்களும் போறாங்கல்ல. அம்மாவுக்கு மட்டும் பக்குவமா எழுதுங்க" என்றான். பக்குவமாக எழுத எனக்கு வரவில்லை.

நிகழ்ச்சியை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. கடிதங்கள் மூட்டை மூட்டையாக வருகின்றன. மிரட்டலுக்கு வாயைக் கொடுத்துவிட்டு உண்மையைக் கையால் காட்டினார் சூ பாய் என்று எழுதுகிறார்கள். ஒரு விதவை கடைக்கே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எங்களுக்குப் புரிஞ்சுதுங்க. நீங்க ஒருத்தராவது எங்களை ஏமாத்தலை" என்று அழுதாள். இனி வாரம் இரண்டு நாள் வரச் சொல்கிறார்கள். நான் சரி என்று சொல்லியிருக்கிறேன், வேறு என்ன இருக்கிறது எனக்கு?

என்னை மன்னித்துவிடு. பழக்கம், சிமோன். வெறும் பழக்கம்.

உன்
ரொபேர்


புதுச்சேரி
28 அக்டோபர் 1968

திரு. ரொபேர் அவர்களுக்கு,

எட்மோன் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறான். உயிரோடு இருக்கிறான். மலையில் குளிர் அதிகம் என்கிறான். கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன், போய்ச் சேருமோ என்னவோ.

உங்கள் கடிதத்தைப் பொலேத் படித்துவிட்டு, "அப்பா பாவம்மா, கை தானா திரும்பியிருக்கும்" என்று அழுதாள். அவள் சின்னப் பெண், கடையில் உட்கார்ந்தவள் இல்லை. பதினைந்து வருஷம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான்.

சந்தேகமான ஜாடி ஒன்றை விற்றாக வேண்டும் என்றால் விடிந்ததும் அதில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றித் தாமரையைச் செருகிவைத்துவிடுவீர்கள். யாரும் கவிழ்த்துப் பார்க்க முடியாது. சந்தைக்குப் போய் அந்தத் தாமரையை வாங்கி வந்தவள் நான்தான். வந்தவர் கையை நீட்டினாலும் உங்கள் உள்ளங்கை முந்திக்கொண்டு ஜாடியின் மேல் போய் உட்கார்ந்துவிடும். நல்ல சாமானை நீங்கள் பேசிக்கொண்டே கவிழ்த்துக் காட்டுவீர்கள். கெட்ட சாமானை ஒரு நாள்கூட, ஒரு தடவைகூட, அந்தக் கை மறந்து திருப்பியதில்லை. ஒரு தட்டை விற்பதற்கு மறைக்கத் தெரிந்த கை அது.

பிள்ளைக்காக மறைக்க வேண்டிய நாளில் அதற்குப் பழக்கம் வந்துவிட்டதாம்.

சைகோனில் எல்லோரும் உங்களை நம்பட்டும், நல்ல மனிதர் என்று சொல்லட்டும். வாரம் இரண்டு நாள் போய்ப் பேசுங்கள். கப்பல் டிக்கெட் வேண்டாம் என்று சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். பெண்களிடம் இன்னும் காரணம் சொல்லவில்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம். எட்மோன் திரும்பி வந்தால் அவனை இங்கே அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம்.

எட்மோனின் தாய்
சிமோன்