இரண்டாம் பக்கத்துக் கட்டம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். பக்கவாதத்தில் பேச்சுதான் போனதே தவிர, காது முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. முதலில் உன் ஆபீஸ் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஆபீஸில் செய்து அனுப்பிய, படக் கட்டத்தைத் தொட்டால் குரல் கொடுக்கிற பேசும் பலகையை அம்மா ஒரு மாதமாகத் தொடவே இல்லை என்று உங்கள் கணக்கில் தெரிகிறது என்று சில வாரங்களுக்கு முன் சொன்னாய். படம் சிறிதாக இருக்கிறதா, நிறம் போதவில்லையா, இடது கையால் அழுத்தக் கஷ்டப்படுகிறாளா என்று அடுக்கடுக்காகக் கேட்டாய். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து செய்யப்போகிறோம் என்றும் சொன்னாய். அவசரப்படாதே கண்ணு. தப்பில் பாதி பலகையில் இருக்கிறது, பாதி என்னிடம் இருக்கிறது.

பலகையோடு வந்த தாளில், கவனித்துக்கொள்பவர் கட்டங்களை நிரப்பவும் என்று போட்டிருந்தீர்கள். நான்தானே கவனித்துக்கொள்பவன்? உட்கார்ந்து ஒழுங்காக நிரப்பினேன். உன் அப்பன் ஆயுசு முழுக்க ஸ்டோர்கீப்பராக இருந்தவன். அடிக்கடி போகிற சரக்கை வாசலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். அதன்படி, அவள் இடது கை சட்டென்று எட்டுகிற கீழ்மூலையில் கழிப்பறையை வைத்தேன். அதற்கு மேலே தண்ணீர், மாத்திரை, வலி, போர்வை, புரட்டிப் படுக்க வை என்று வரிசையாக அடுக்கினேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

மாடி வீட்டுத் தையல்காரம்மா அம்மாவைப் பார்க்க வந்த அன்றைக்குத்தான் வினை. உன் அம்மாவுக்கு இடது கையைத் தூக்கியே வைத்திருக்க முடியாது, மணிக்கட்டைப் பலகையின் மேல் ஊன்றித்தான் விரலை நீட்டுவாள். ஊன்றுகிற இடம் அதே கீழ்மூலை. தண்ணீர் கட்டத்தைத் தொடப் போனவளைப் பார்த்துப் பலகை, கழிப்பறைக்குப் போகணும் என்று வீடே கேட்கிற மாதிரி கத்தியது. கையை எடுக்கும்வரை திரும்பத் திரும்பக் கத்தியது. அதுவும் என் குரலில். குரல் பதிவு செய்யச் சொன்னபோது வேறு யாரைத் தேடுவது என்று நானே பதிந்துவிட்டேன். தையல்காரம்மா ஒருமுறை என்னைப் பார்த்தாள், ஒருமுறை அம்மாவைப் பார்த்தாள். அன்றைக்குப் பலகையைக் கவிழ்த்து வைத்தவள்தான் உன் அம்மா, அப்புறம் அவளாக நிமிர்த்தவில்லை.

இதில் உங்கள் பங்கு என்ன என்று கேட்டால், கையை ஊன்றினால் அது அழுத்தியதாகக் கணக்காகக் கூடாது. விரலை ஒரு கணம் வைத்து எடுத்தால்தான் பேச வேண்டும். ஓரத்தில் கை வைக்க ஒன்றுமில்லாத வெற்று இடமும் விடுங்கள். இதைப் படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

என் பங்கை எனக்குக் காட்டியது பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண். பலகையை நிமிர்த்தி எல்லாக் கட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், எல்லாம் நீங்க செய்ய வேண்டிய வேலையாவே இருக்கே. அவங்க உங்கள திட்டணும்னா எத அழுத்துவாங்க?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பினால் உன் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பார்வைக்கு எந்தப் பலகையும் வேண்டாம், எனக்குச் சுருக்கென்று தைத்தது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் அவள். ஊர் வம்பெல்லாம் அவள் காதில் விழாமல் போனதில்லை. அவளுக்குப் போய்த் தண்ணீரும் போர்வையும் கேட்கிற அளவுக்குப் பேச்சு போதும் என்று நான் முடிவு கட்டியிருக்கிறேன். தண்ணீர் வேண்டும் என்றால் அவள் கண்ணைக் காட்டினாலே எனக்குப் புரியும், அதற்கு ஒரு கருவி எதற்கு?

அந்தப் பெண் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி அம்மாவையே தேர்ந்தெடுக்கச் சொன்னாள். ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. இடையில் நான் ஏதோ யோசனை சொல்லப்போக, என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் முதல் கட்டமே "சும்மா இருங்க". அடுத்தது "அப்புறம்?" போனில் யாரிடம் பேசினாலும் அவள் அப்புறம், அப்புறம் என்று கதையை இழுப்பாளே, அதே அப்புறம். பிறகு "பொய்", "அய்யய்யோ", "ஆமா", "இல்ல", "யோசிக்கணும்". கழிப்பறை மேலே ஒரு மூலைக்குப் போய்விட்டது. குரலுக்குத் தையல்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, ரேடியோவில் பேசுகிற மாதிரி பேசிவிட்டுப் போனாள்.

மறுநாள் அவளே மறுபடி வந்து உட்கார்ந்தாள். தன் நாத்தனாரைப் பற்றி ஆரம்பித்தாள். உன் அம்மா "அப்புறம்?" என்று அழுத்தினாள். அவள் சொன்னாள். "பொய்" என்று அழுத்தினாள். அவள் சத்தியம் செய்தாள். நான் சமையலறையில் பாத்திரம் துலக்குகிற சாக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. நோய் வந்த பிறகு அதை நான் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கிக்கொண்டிருந்தேன்.

ஆகவே உங்கள் தாளை மாற்றுங்கள். யார் பேசப் போகிறார்களோ அவர்களை உட்கார வைத்துக் கேட்டு நிரப்பவும் என்று போடுங்கள். உடன் இருப்பவரைக் கடைக்கு அனுப்பவும் என்றும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, போனில் சொல்ல முடியாத விஷயம்.

பேச்சு போனவர்கள் கூடிப் பேசப் பழகுகிற அந்த இடத்தைப் பற்றிச் சொல்லி, உன் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம்தான், இரண்டு பேரும் வந்து ஒரு வருஷமாவது இருங்கள் என்று நீ கேட்டாய் அல்லவா? நானும் வரமாட்டேன், அவளும் வரமாட்டாள் என்று ஒரே மூச்சில் சொல்லி போனை வைத்தேன். வயசான காலத்தில் மகள் வீட்டில் போய் ஒண்டிக்கொள்வதா என்ற வீம்பு எனக்கு. அந்த வீம்பு அவளுக்கும் இருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன். அப்புறம் நீ, அம்மாவை மட்டுமாவது அனுப்புங்கள் என்று கேட்க ஆரம்பித்தாய். அதற்கும் அவளைக் கேட்காமலே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கட்டங்கள் மாறிய பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த இடத்தைக் காட்டி நீ அனுப்பிய படங்களை அவள் மடியில் வைத்து, நம் மகள் கூப்பிடுகிறாள், போகிறாயா என்றேன். "யோசிக்கணும்" என்று அழுத்தினாள். சரி, வேண்டாம் என்பதைத்தான் நாசூக்காகச் சொல்கிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. சில நாள் கழித்து நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பலகை "ஆமா" என்றது. எதற்கு ஆமா என்று கேட்டேன். அந்தப் படங்களைக் காட்டினாள். அங்கே குளிர் அதிகம், உனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். "சும்மா இருங்க" என்று அழுத்தினாள். இரண்டாவது முறையும் அழுத்தினாள்.

அவள் வருகிறாள், கண்ணு. ஏற்பாடு செய். அவளைக் கூட்டிப்போக நீயே நேரில் வா, வேறு யாரையும் அனுப்பாதே. அவளுடைய மருந்துகளை எந்த வேளைக்கு எது என்று பிரித்துச் சீட்டு ஒட்டி வைத்துவிட்டேன், அந்த வேலையில் என்னைக் குறை சொல்ல முடியாது. படுக்கும்போது வலது தோளுக்கு அடியில் சின்னத் தலையணை வைக்க மறந்துவிடாதே. தலைவாரும்போது பேசிக்கொண்டே வாரினால் அவளுக்குப் பிடிக்கும்.

நான் வர வேண்டுமா என்று அவளைக் கேட்கவில்லை. கேட்டால் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வாள், அது எனக்கு வேண்டாம். ஆனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். பலகையில் இரண்டாம் பக்கத்தைத் திறந்து, கடைசி வரிசையில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அவள் பெட்டியையும் என் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போட்டேன். "நீங்களும் வாங்க" என்று பேச வேண்டிய கட்டம் அது. வாசலுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை பார். கண்ணில் படுகிற இடத்தில் வைத்தால் தள்ளிவிடுகிற மாதிரி ஆகிவிடும். தேடி எடுத்தால் எடுக்கட்டும்.

அதற்கு இன்னும் குரல் இல்லை. என் குரலில் பதிந்தால் நானே என்னைக் கூப்பிட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். தையல்காரம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. போனில் உன் குரலும் அம்மாவின் குரலும் ஒன்று என்று அந்தக் காலத்தில் நானே எத்தனை முறை ஏமாந்திருக்கிறேன். நீ வந்ததும் அந்தக் கட்டத்தில் இரண்டு வார்த்தை பேசிவிடு. அப்படி ஒன்று இருக்கிறது என்று அவளிடம் சொல்லாதே. பலகையை அவள் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் என்னைக் கடைக்கு அனுப்பிவிடு.

எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா