தெரியாதவனாக உட்கார்ந்த வகுப்பு

அம்மாவுக்கு ரங்கராஜ் ஒரகடத்திலிருந்து எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? இதைத் தங்கச்சி வாசித்துக் காட்டட்டும். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கம்பெனியில் எங்கள் லைனில் வெண்ணிலா என்று ஒரு பெண். கோத்தகிரிப் பக்கம், நம் இருளர்தான். அவள் சேர்ந்த அன்றே, என் சாயலைப் பார்த்தோ என்னவோ, நம் பேச்சில் எந்த ஊர் என்று என்னைக் கேட்டாள். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர், "இன்னா பாஷை இது?" என்று சிரித்தார்.

"எனக்கும் புரியலீங்க, நான் மேட்டுப்பாளையம்" என்று சொல்லிவிட்டேன்.

இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அவள் ஞாயிறுதோறும் படப்பையில் நம் மொழி சொல்லித் தருகிறாள். இன்று நானும் போனேன். அன்று சொன்ன பொய்க்காகக் கடைசி வரிசையில் தெரியாதவனாக உட்கார்ந்து, மழை, தேன் எல்லாவற்றுக்கும் நம் சொற்களைத் திருப்பிச் சொன்னேன். பல மாதங்களுக்குப் பிறகு நம் பேச்சு என் வாயில் வந்தது.

"நல்லா வருதே. வீட்ல யாராவது பேசுவாங்களா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன், அம்மா.

ராகி மாவு கொஞ்சம் அனுப்பு. ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. போனில் தமிழிலேயே பேசு என்று உன்னிடம் சொல்லியிருந்தேனே, அதை மறந்துவிடு. அடுத்த ஞாயிறு சாயங்காலம் கூப்பிடு. ரூமில் எல்லாரும் இருப்பார்கள். இருக்கட்டும், நீ நம் பேச்சிலேயே பேசு. நானும் அதிலேயே பேசுகிறேன்.

ரங்கராஜ்