கூட்டல் கணக்கில் ஹார்பர் பொட்டி

12 ஆகஸ்ட் 1975, செவ்வாய்

கம்ப்யூட்டர் வகுப்பில் புரொபசர் கேட்டார்: கூட்டல் சர்க்யூட்டில் இலக்கம் கூடக் கூட விடை ஏன் தாமதமாகிறது? நான் எழுந்தேன்.

"ஹார்பர்ல வரிசையா நின்னு பொட்டி கைமாத்துற மாரி சார். அடுத்த இலக்கத்துக்குத் தள்ளுற ஒண்ணுதான் பொட்டி. அது வர்ற வரைக்கும் கடைசி ஆளு சும்மா நின்னுகினு கீறான்."

என் பேச்சுக்கு வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். புரொபசர் போர்டில் ஆட்களை வரிசையாக வரைந்து, அதையே பாடமாக நடத்தினார்.

ஹார்பர் வேலை முடிந்து வந்த நைனாவிடம் சொன்னேன். முறைத்தது.

"கடைசில நிக்கிறவன் நான்தான். சும்மா நிக்கிறேன்னா சொன்னே?"

இப்போது நைனா தெருவில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி, "காலேஜுல என் வேலையப் பாடமா நடத்துறாங்கோ" என்று சொல்லிகினு கீது.