இரண்டாம் வரிசை

1995 பெப்ரவரி 6, திங்கள்

மைனஸ் பதினெட்டு. பஸ் இருபது நிமிடம் பிந்தியது. பூட்ஸுக்குள் ஈரம்.

பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் வரலாற்று வகுப்பு. வெள்ளிக்கிழமை இருவர் இருவராக வகுப்பின் முன் பேசவேண்டுமாம். எங்களுக்கு விழுந்தது: பழைய ரோமாபுரிக் காலாட்படை போரில் எப்படி அணிவகுத்து நின்றது. என்னோடு சுதர்சினி. ஊரில் மீசாலைப் பிள்ளை, இங்கே டோனட் கடையில் வேலை. தமிழர் நாங்கள் இருவர்தான் என்பதால் சேர்த்துவிட்டார்கள்.

"அண்ணை, எனக்கு உந்தச் சண்டைக் கதையள் ஒண்டும் விளங்காது. எங்கடை ரகு அண்ணா இருந்தாச் சொல்லித் தந்திருப்பார்."

"எங்கை அவர்?"

"இயக்கத்துக்குப் போனவர். எட்டு வருஷமாத் தகவல் இல்லை. ஆமி பிடிச்சு எங்கையோ வைச்சிருக்கு எண்டு அம்மா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறா."

மீசாலை ரகு. எனக்கு எந்த ஊர் என்று கேட்டாள். வவுனியா என்று பொய் சொன்னேன்.

பால், பாண் வாங்க மறந்துவிட்டேன்.

பெப். 8, புதன்

சுதர்சினியோடு நூலகம். பனி விட்டிருந்தது. எடுத்த குறிப்பு:

மூன்று வரிசை. முன்னால் இளையவர்கள். அடுத்து, பழக்கப்பட்டவர்கள். கடைசியில் மூத்தவர்கள், ஒரு முழங்காலை ஊன்றி, ஈட்டியைச் சாய்த்துப் பிடித்தபடி.

வரிசை என்றால் முழுச் சுவர் அல்ல. கூட்டம் கூட்டமாக, நடுவில் இடைவெளி. பின்வரிசைக் கூட்டம் அந்த இடைவெளிக்கு நேரே. செஸ் போர்ட் மாதிரி. முன்னால் நிற்பவர்கள் எறியீட்டியை எறிந்துவிட்டு வாளோடு போவார்கள். களைத்தால் இடைவெளிகளுக்குள்ளால் திரும்பி வருவார்கள். இரண்டாம் வரிசை முன்னே போகும். சண்டை நடக்கும்போதே இதை எப்படிச் செய்தார்கள் என்பது இன்றைக்கும் யாருக்கும் சரியாகத் தெரியாதாம்.

சு. கேட்டாள்: "முன்னுக்கு நிண்டவை திரும்பி வரேக்கை ரெண்டாவது வரிசை ஓடியிருந்தா?"

"முதல் வரிசை முடிஞ்சுது."

அதற்கு மேல் எழுத முடியவில்லை. பேனாவில் மை இல்லை என்றேன். இருந்தது.

பெப். 10, வெள்ளி

காலையில் சாப்பிடவில்லை. கதிரைகளை ஒதுக்கிவிட்டு வகுப்பையே இரண்டு வரிசையாக நிறுத்தினோம். போலந்துக்காரர், ஜமெய்க்கா அன்ரி, எல்லோரும். ஒரே சிரிப்பு. முன்வரிசை திரும்பி வந்தபோது பின்வரிசை கதவுப் பக்கம் ஓடியது, விளையாட்டுக்கு.

"ஓடாதேங்கோ! நில்லுங்கோ, அவன் வாறான்!"

தமிழில் கத்திவிட்டேன். ஆசிரியர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நல்ல மார்க்ஸ் போட்டிருக்கிறார்.

பஸ் தரிப்பில் சு. பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆர் அண்ணை வாறான்?"

"ரகு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நானும் ரகுவோடு இயக்கத்தில் இருந்தது. ரகு முன்னால் வேவுக்குப் போனது. நான் பின்னால் வயல் வரம்போடு கிடந்தது. அவன் என்னைக் கடந்து வரும்வரை சுட்டுக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. பக்கத்தில் ஷெல் விழுந்தது. ஓடினேன். பனங்கூடலில் நின்று திரும்பிப் பார்த்தபோது வயலில் கிடந்தான். அசைவு இல்லை.

இரண்டு பஸ் போய்விட்டன. அவள் அழவில்லை. கையுறையைக் கழற்றினாள், போட்டாள், திரும்பக் கழற்றினாள்.

"அம்மாவுக்கு நான் சொல்லமாட்டன். நீங்களே வந்து சொல்லுங்கோ."

பெப். 11, சனி

உடுப்புத் தோய்த்தேன். தலைமயிர் வெட்டினேன். போகாமல் விடலாமா? வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்லலாம். ஃபோனை எடுத்தேன், வைத்தேன்.

பெப். 12, ஞாயிறு

போனேன். ஸ்காபரோ, ஒன்பதாம் மாடி. அம்மா சின்ன உருவம். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை. "இரு தம்பி" என்றார். இருக்காமல் நின்றபடியே சொன்னேன், கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டு. முழுவதும் கேட்டார்.

"அவன் உன்னைக் கூப்பிட்டவனே?"

"ஓம் அம்மா."

"பேர் சொல்லியோ?"

"ஓம். ரெண்டு தரம். நான் ஓடேக்கை."

சு. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னைக் கூப்பிடேல்லையோ?"

"இல்லை அம்மா."

கம்பளிச் சட்டையை இழுத்து மூடிக்கொண்டார்.

"அப்ப, நீ நிக்கிறாய் எண்டுதான் நினைச்சிருக்கிறான்."